துணி அறைச் சாவி

"கதவத் திறங்கக்கா! அவரு மழையில நனையிறாரு!"

சலவைக்கூடத்தின் துணி அறைக்குள்ளிருந்து அவள் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள். வெளியே பூட்டுத் தொங்கியது. இஸ்திரி போடும் பெண்கள் காதிலேயே விழாததுபோல ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே அவள் புருஷன், கையிலிருந்த குடையைக்கூட விரிக்காமல் தொப்பலாக நின்றிருந்தான்.

"என்னம்மா அநியாயம் இது? பாவம், அந்த மனுஷன் நனையிறாரு!"

"நனையட்டும் சார். துவைக்கிற இடத்துக்குத்தானே வந்திருக்காரு? பிழிஞ்சு காயப்போட்டு அனுப்பிடுறோம்," என்றாள் நெட்டையக்கா. கூடமே சிரித்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல உங்களுக்கென்ன வேலை?"

"போன தடவை திறந்துவிட்டோம் சார். கூடப் போனவ பத்து நாள் வேலைக்கே வரல."

"அதனால என்ன? சந்தோஷமா இருந்திருப்பாங்க. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? சாவியக் குடுங்க. இல்லன்னா முதலாளிகிட்ட போவேன்."

நெட்டையக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாவியை மேசைமேல் வைத்தாள்.

அவர் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தவள் தலை கலைந்து, மூச்சு வாங்க வெளியே வந்தாள். கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி அவன் கூப்பிட்டான்.

"தங்கம்! தப்பெல்லாம் என்மேலதான். வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

குரலில் தேன் சொட்டியது. சூப்பர்வைசருக்கே கண் கலங்கிவிட்டது. "போம்மா, போ," என்றார், கல்யாணத்தையே நடத்தி வைத்தவர்போல.

அவள் இரண்டடி வைத்தாள். கூடத்தில் ஒரு கைகூட அசையவில்லை.

மூன்றாவது அடிக்குத் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டு, சடாரென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"யாரு சார் உங்களத் திறக்கச் சொன்னது?"

"நீங்கதானேம்மா அப்படிக் கத்தினீங்க!"

"கத்துவேன், கெஞ்சுவேன், என்ன பண்ணாலும் திறக்காதீங்கன்னு காலையிலயே சாவியக் குடுத்தது நான்தான் சார்!"

விடுவிடுவென்று உள்ளே போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவரு அடிச்சா ஓடி வந்துடுறேன் சார். கொஞ்சினாத்தான் திரும்பிப் போயிடுறேன். பூட்டுங்க!"