சிவப்புக் காருக்குப் பூ வாக்கு

காரை விற்பதற்கு முன் அம்மனிடம் பூ வாக்குக் கேட்டே ஆக வேண்டும் என்று மாரியாத்தாள் சொன்னதும், மகன் மனோஜ்குமாருக்கு எரிச்சல் பொங்கியது.

விலை பேசி முடிந்துவிட்டது. வாங்க வந்த கரீம் காப்பியும் குடித்துவிட்டார்.

"ஏம்மா, போன மாசம் டிராக்டரை வித்தப்ப எந்தச் சாமிகிட்டக் கேட்ட?"

"அது டிராக்டர், கண்ணு. இது இத்தாலிக் கார்."

"இத்தாலிக்காரன் செஞ்ச வண்டிக்கு நம்மூரு மாரியம்மன் எதுக்கு உத்தரவு குடுக்கோணும்?"

"நிக்கறது அவிநாசியில தானே?"

அறுபதுகளில் செய்த கார் அது. இரண்டே இருக்கை, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். மனோஜ்குமார் அதை எங்கோ ஏலத்தில் எடுத்து, கணபதி என்ற ஊரில் ஒரு பட்டறையில் விட்டு, மிளகாய்ப்பழச் சிவப்பில் பெயிண்ட் அடித்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். 'அடியில இருந்து மேல வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாதுங்க' என்பது வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லும் வாசகம்.

கரீம் கோட்டைமேட்டுக்காரர். கல்யாண ஊர்வலங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர்.

"மாப்பிள்ளையைக் கூரை மடிப்பு மேல உக்கார வெச்சு ஊர்வலம் உட்டா, முகூர்த்த மாசம் பூரா இந்த வண்டிக்கு ஓய்வே இருக்காதுங்கம்மா. எம் பொண்ணு ரம்ஷா கல்யாணத்துக்குச் சேத்துன நகையை அடகு வெச்சுத்தான் வந்திருக்கேன். சீக்கிரம் சம்பாரிச்சு மீட்டுப்போடலாம்னு ஒரு தைரியந்தானுங்க."

மாரியாத்தாள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சாமி வாக்கு ஒண்ணு கேட்டுப்போடலாமுங்க, பாய்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் பாதத்தில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் கேட்கிற வழக்கம். காருக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மனோஜ்குமார் அம்மாவைத் தனியே அழைத்துப் போனான்.

"ஆளு பாய்ங்கறதுனாலதான இந்த நாடகம்?"

மாரியாத்தாள் பூப் பறிக்கப் போய்விட்டாள்.

காரின் முகப்பைத் தடவிக்கொண்டிருந்த கரீமின் கை நின்றுவிட்டது. அவர் காதிலும் அது விழுந்திருந்தது.

கோயிலில், மாரியாத்தாள் கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

வெளியே நின்றிருந்த கரீமிடம் மாரியாத்தாள் வந்தாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க, பாய். அம்மன் வேண்டாங்குது."

"பரவாயில்லீங்கம்மா. நமக்கு இது பழக்கந்தானுங்க. ஊடு வாடகைக்குக் கேக்கப் போனாலும் இப்படித்தான், நோகாமச் சொல்லியனுப்புவாங்க."

அவர் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார். மாரியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் மானமே போச்சு," என்றான் மனோஜ்குமார். "இந்தக் காலத்துலயும் இப்படி இருக்கியே. மனுசனை மனுசனாப் பாக்கக் கத்துக்கோம்மா."

சொல்லிவிட்டு, அடுத்து விசாரித்திருந்தவருக்கு போன் போட்டபடி வீட்டுக்குக் கிளம்பினான்.

பாதத்தில் கிடந்த மற்றொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்த பூசாரி வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுலயும் செவப்புத்தான இருக்குது?"

மகன் தெருமுனையைத் தாண்டும் வரை மாரியாத்தாள் காத்திருந்தாள்.

"அந்தக் கார் அடியில பூராத் துருங்க. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான். வாசல் கூட்டறப்பெல்லாம் செதில் செதிலா உழுந்து கிடக்குது. பெத்த பையனை ஏமாத்துக்காரன்னு நாலு பேரு முன்னால என்னால சொல்ல முடியலீங்க. அதான் அம்மன் மேல போட்டுட்டேன்."

"அதுக்கு ஒண்ணுலயாவது வெள்ளை வெச்சிருக்கலாமில்லீங்க? எதைக் குடுக்கோணும்னு அம்மனுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. ஆனா ஏதோ நெனப்புல வெள்ளையைக் குடுத்துப்போட்டா, அந்தப் புள்ள நகைக்கு அம்மனா வந்து பதில் சொல்லும்?"