நிற்க ஓர் இடம்

மழையில் இடிந்து விழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்த இடத்தில் பூங்கா வடிவமைக்கும் வேலை வைதேகிக்கு வந்தது. அளவெடுக்கப் போன ஒவ்வொரு காலையிலும் அருளப்பன் என்ற முதியவர் அங்கே ஒரே இடத்தில் நின்றிருந்தார். அவருடைய மகளின் உடலை அந்த இடத்திலிருந்துதான் எடுத்தார்கள் என்று காவலாளி சொன்னார்.

வைதேகி வரைபடத்தை விரித்து அவரிடம் காட்டினாள். "இங்க முழுக்கப் புல்வெளி வருது சார். பச்சையா, அமைதியா இருக்கும்."

அவர் வெகுநேரம் பார்த்தார். "புல்லு வேண்டாம்மா. புல்லு வெச்சா மிதிக்கக் கூடாதுன்னு போர்டு வெப்பாங்க. அப்புறம் நான் எங்க நிக்கிறது?"

பெயர் பொறித்த கல் வைக்கலாமா என்று கேட்டாள். அதற்கும் தலையசைத்து மறுத்தார். அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் வரைபடத்தில் நடைபாதையை வளைத்து அவர் நிற்கும் இடத்தின் வழியே கொண்டுபோனாள். நேராகப் போகிற பாதைக்கு இப்படி ஒரு வளைவு எதற்கு என்று மேலதிகாரி கேட்டார். "வேணும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழா நடந்த மாலையில் அருளப்பன் வந்து அங்கேயே நின்றார். நடப்பவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் பழகிய ஒரு சிறுமி திருப்பத் தெரியாமல் நேரே அவர்மேல் வந்து மோதினாள். விழாமலிருக்க அவர் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். தூரத்து பெஞ்சிலிருந்த வைதேகி பதறி எழுந்தாள்.

"பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கங்க தாத்தா, விட்டுறாதீங்க" என்றாள் சிறுமி.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பிடித்தார். சைக்கிள் நகர்ந்தபோது அவரும் நகர வேண்டியிருந்தது.