குளிர்ப் பக்கம்

குளிர்ப் பக்கம் எண்பத்தெட்டு டிகிரி.

திரையில் எண்ணைப் பார்த்ததும் பெர்மெத் நாற்காலியை இன்னும் முன்னே இழுத்துக்கொண்டாள்.

மேலே கணவாய்க் குடிசையில், இரும்பு அடுப்பின் மேல் அவள் வடிவமைத்த சின்னத் தகடு இருக்கிறது. அடியில் நெருப்பு; மேலே பனி போட்ட சட்டி, அதுதான் குளிர்ப் பக்கம். இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் மின்சாரம். அதை வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் கீழே ஊரில் இருக்கும் திரைக்கு வந்து சேரும். பேச்சு வராது.

பனிப்புயலில் மாட்டிய மேய்ப்பன் டோல்குன் விடியற்காலையில் அடுப்பு மூட்டிவிட்டான் என்று அந்த எண்கள்தான் சொல்லின. பக்கத்தில் இருந்த அவன் மனைவி அனாரா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் முதலில் போட்ட பனியோடு சரி. உருகிய தண்ணீர் கொதிக்கப் போகிறது, அதை மாற்ற அவன் எழவில்லை போலிருக்கிறது. நிலக்கரி மட்டும் தன்பாட்டுக்கு எரிகிறது.

“ஏன்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு? அவருக்கு என்ன?”

பெர்மெத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தகட்டுக்குள் மின்சாரம் தரும் சிறு தூண்களைக் குட்டையாக்கியது அவள்தான். மின்சாரம் ஒன்றரை மடங்கானது. சூடும் அதே வேகத்தில் மேலேறுகிறது. சட்டி வற்றினால் தூண்களை ஒட்டியிருக்கும் ஈயப்பற்று இளகி, மின்சாரமும் எண்களும் நின்றுவிடும். ஒரு மயிரிழை நீளமாக விட்டிருக்கக் கூடாதா, பாவி.

தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று ஐந்து.

தொண்ணூறு.

பெர்மெத் எழுந்தே விட்டாள். யாரோ ஒரு பிடி பனி போட்டிருக்கிறார்கள்.

எண்பத்தாறு. எண்பத்து மூன்று.

“சட்டித் தண்ணிய மொண்டு டீ குடிக்கிறாங்க அக்கா! குறையக் குறையப் பனி போடுறாங்க!” பெர்மெத் அனாராவின் தோளை உலுக்கினாள்.

மேய்ப்பர்களோடு கோடை முழுக்க அவள் போட்ட சண்டையே இதற்குத்தான். சட்டியில் கை வைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இன்று அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

எண்பது. எழுபத்தாறு.

எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தடவைகளை அனாரா விரல்விட்டு எண்ணினாள்.

“தனியா இருந்தா அந்த மனுஷன் பெரிய குவளை நிறைய ஒரே தடவையில எடுத்துக்குவாரு. இப்படி அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமா ஊத்துறது விருந்தாளிக்குத்தான். கூட யாரோ இருக்காங்கடி.”

பெர்மெத் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

நேற்றுக் காலை, தகட்டைப் பார்த்துவரச் சொல்லி அவளே குதிரையேற்றி அனுப்பிய தன் கணவன் எசெனைப் பற்றி, அவள் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.