பதினேழாம் பக்கத்துக் கதவு

பத்துப் பள்ளிகளில் மூன்று மாதம் வைத்து நடத்திப் பார்த்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் மாதிரிப் பிரதிகள் தேர்வுக் குழுவின் மேசைக்குத் திரும்பி வந்திருந்தன. குழுவில் இருந்த ஒரே ஆசிரியை அங்கயற்கண்ணி. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் பதினேழாம் பக்கத்தில் ஒரே இடத்தில் ஓட்டை. வகுப்பறைப் படத்தில் மூடியிருந்த கதவை மட்டும் பிஞ்சு விரல்கள் தேய்த்துத் தேய்த்துத் துளைத்திருந்தன.

"தாள் மட்டம். கெட்டித் தாளாப் போட்டாச் சரியாயிரும்," என்றார் குழுத் தலைவர் தேவசகாயம்.

"கதவத் திறந்த மாதிரி வரையச் சொல்லலாமே, சார்."

"படம் போன கூட்டத்துலயே ஒப்புதல் ஆயிருச்சு, டீச்சர். இன்னைக்குத் தாளப் பத்தி மட்டுந்தான் பேச்சு."

அவள் வகுப்பிலும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடாமலிருக்கக் காலை மணி அடித்ததும் கதவைத் தாழிடுவதுதான் வழக்கம். அதை அங்கே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கெட்டித் தாளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூனில் வழவழவென்று புதுப் புத்தகங்கள் வந்தன. காலாண்டுத் தேர்வு நெருங்கியும் பதினேழாம் பக்கம் எந்தப் புத்தகத்திலும் கசங்கக்கூட இல்லை. ஒரு நாள் செண்பகவல்லி என்ற சிறுமி பென்சிலைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். கையை வாங்கிப் பார்த்தால், ஆட்காட்டி விரலின் நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. அங்கயற்கண்ணி எல்லாரையும் விரலைக் காட்டச் சொன்னாள். சிவந்த நுனியோடு முப்பத்திரண்டு விரல்கள் நீண்டன.

அவள் எழுந்து கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பின்னால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.