உச்சிக்குக் கீழே உட்கார்ந்த நாய்

உச்சிக்கு இன்னும் ஐந்தாறு அடிதான். காத்மாண்டுக்காரர் பிஷ்வாஸ் பனிக்கோடரியைக் குத்தி முன்னேறினார்.

“அதுக்கு மேல சாமியோட எடம் சார். மனுசக் கால் படக்கூடாது,” என்று கயிற்றை இழுத்துப் பிடித்தான் வழிகாட்டி ஓங்சூ.

“இத்தன தூரம் வந்தது சும்மா பாத்துட்டுப் போகவா? விடுய்யா கயித்த.”

ஓங்சூ கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அடிவாரத்திலிருந்து கூடவே ஏறிவந்த கறுப்பு நாய் குறுக்கே வந்து உட்கார்ந்தது. பிஷ்வாஸ் ஒதுக்கிப் பார்த்தார். அது நகராமல் பல்லைக் காட்டி உறுமியது.

அவர் முகம் வெளுத்தது. “நாய்க்கே தெரிஞ்சிருக்கு, ஓங்சூ,” என்று அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

இறங்கும்போது ஓங்சூ அவரை முன்னால் விட்டு, காய்ந்த பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை நாய்க்கு நீட்டினான்.

“இன்னைக்கு லேட்டுடா,” என்றான் அதன் காதோரம். “நான் கையக் கட்டுன ஒடனே ஒக்காரணும்.”