நாற்பது மதிப்பெண்

நினைவுச் சோதனையில் தணிகைவேலும் நறுமுகையும் ஆளுக்குத் தொண்ணூறு வாங்கியிருந்தார்கள். திருமணப் பதிவாளர் கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஞாபகம் பிரமாதமா இருந்தா தினம் சண்டைதாம்மா. ஐம்பது மார்க்காவது வித்தியாசம் இருந்தாத்தான் பதிவு பண்ண முடியும்."

தணிகைவேல் மறுசோதனைக்குப் போனான். அதிகாரி வாசித்த இருபது சொற்களும் அவனுக்கு அப்படியே மனதில் நின்றன. எட்டை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். நாற்பது போட்டார்கள். மாலை மாற்றும்போது நறுமுகை அவன் காதருகில், "இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்க" என்றாள்.

வீட்டில் இருவர் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால், மதிப்பெண் அதிகம் உள்ளவர் சொல்வதுதான் நடந்தது என்பது சட்டம். ஆகவே ஆறு வாரம் இருக்க வந்த மாமியார், அவனே அழைத்ததாக நறுமுகை சொன்னபடி ஆறு மாதம் இருந்தார். அவன் எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலை அவள் அண்ணன் எடுத்துக் கொடுத்ததாக ஆயிற்று.

ஏழாம் வருடம் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"உன்னைக் கட்டிக்கணும்னுதான் அன்னைக்கு வேணும்னே தப்பா சொன்னேன்" என்றான். குடை, புளி, தண்டவாளம் என்று தொடங்கி இருபது சொற்களையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தான்.

நறுமுகை நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே வெகுநேரம் யோசித்தாள்.

"அப்படி ஒண்ணும் நடக்கலையேங்க" என்றாள்.

ஆகவே அது நடக்கவில்லை.