மனமொத்த மாறுதல்

"சம்பளம் குறைஞ்சா குறையட்டும்ங்க. ஒரே பானைச் சோத்தை ரெண்டு பேரும் சேர்ந்து திங்கோமே, அது போதாதா?"

தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சங்கரி கேட்டாள். சுந்தர் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

சென்னையில் இருந்த அவனுடைய அலுவலகத்தை அப்படியே பெயர்த்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டு வாடகைப்படி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெருநகரச் செலவுக்கென்று கொடுத்துவந்த நகர ஈட்டுப்படி அடியோடு போய்விட்டது. வந்த அத்தனை பேரும் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தார்கள். சங்கரி ஒருத்திதான் நெல்லையப்பருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

பின்னே, செய்ய மாட்டாளா? கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். உத்தியோகம் சென்னையில், பெண்டாட்டி மட்டும் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என்று ஒருவரும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் பாலம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு பேரோடு ஒரே அறையில் கிடப்பதாக அவன் சொன்னான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து தலையைக் காட்டுவான். பிள்ளை குட்டியும் இல்லை. போன வருஷம் பாலம்மாள் போய்ச் சேர்ந்தபிறகு, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் சங்கரி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"மெட்ராஸ்ல வேற ஆபீஸ்ல ஒருத்தர் மனமொத்த மாறுதலுக்குச் சம்மதிச்சிருக்காரு. என் இடத்துக்கு அவர் வந்துருவாரு, அவர் இடத்துக்கு நான் போயிருவேன். இந்த வாரத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்," என்றான் சுந்தர், தட்டைப் பார்த்தபடியே.

சங்கரி அடுப்பை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மேன்ஷன் வாடகை இல்ல. மெஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுத்த துட்டும் இல்ல. பாக்கப்போனா கையில மிச்சம்லா நிக்கணும்? அப்படியும் பத்தலைன்னா நான் ஜாக்கெட் தைச்சுக் கொடுக்கேன். என் சங்கிலி பெட்டியில சும்மாதான கெடக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் புரியாதுட்டி."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பிவிட்டான். கல்லில் கிடந்த தோசை கருகியது. அதை எடுத்துப் போடக்கூடத் தோன்றாமல் அவள் அழுதாள். மறுபடியும் அந்தத் தனிமையை நினைத்தாலே பயமாக இருந்தது.

சிறிது நேரத்தில் வாசலில் குரல் கேட்டது.

"சங்கரிதான? நான் ஜாய்சி. சுந்தர் அண்ணனுக்குப் பக்கத்து சீட்டுல இருக்காரே ரேமண்ட், அவரு வீட்டுக்காரி. பூசை முடிஞ்சு மாதா கோயில்லருந்து நேரா வாரேன்."

சங்கரி அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே அழைத்தாள். சென்னையிலிருந்து வந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு ஒரு நாள் கூப்பிட்டுத் தேங்காய்ப்பால் சொதி வைத்துப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. 'கூடினா சம்பளப் புலம்பல்தான், ஒருத்தரும் வேண்டாம்' என்று சுந்தர்தான் தடுத்து வைத்திருந்தான்.

"உன்னைப் பாக்காமலே எனக்கு உன்னை நல்லாத் தெரியும்," என்றாள் ஜாய்சி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "படுக்கையில கெடந்த அம்மாவுக்கு ஒரு படுக்கைப் புண்ணு வராம நீ பாத்துக்கிட்ட கதைய மெட்ராஸ்ல எத்தனை வாட்டி சொல்லியிருக்காரு தெரியுமா? 'எங்க சங்கரி இல்லைன்னா எங்க அம்மா என்னைக்கோ போயிருப்பா'ன்னு சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிரும்."

சங்கரிக்கு மனசு குளிர்ந்துபோனது. நேரில் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்! ஒன்பது வருஷப் பாடும் அந்த ஒரு பேச்சில் கரைந்துவிட்டது போல இருந்தது. இவளிடம் சொன்னால் நடக்கும் என்று தைரியம் வந்தது.

"அக்கா, அவங்க திரும்பப் போறேன்னு நிக்காங்க. ரேமண்ட் அண்ணன்கிட்ட சொல்லி எப்படியாச்சும் தடுத்து நிறுத்துங்க. சம்பளம் குறைஞ்சாலும் நான் சமாளிச்சுக்கிடுவேன். மறுபடியும் இந்த வீட்டுல ஒத்தையில கெடக்க என்னால முடியாதுக்கா."

ஜாய்சியின் முகம் வாடியது.

"உன் வருத்தம் எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் வந்ததே அவரை அனுப்பி வைன்னு சொல்லத்தான். மாறுதலுக்கு எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வர மாட்டேங்குதாம். 'சங்கரிகிட்ட எப்படிச் சொல்ல'ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிப் புலம்புதாராம். நீயே யோசிச்சுப் பாரு. இந்தச் சம்பளத்துல இங்கனயும் இருந்துக்கிட்டு மெட்ராஸ் வீட்டுக்கும் அவரு எப்படி வாடகை கட்டுவாரு?"

"மெட்ராஸ் வீடா? அவங்க இருந்தது மேன்ஷன்லலா?"

"மேன்ஷனா? எங்களுக்கு அடுத்த வீடும்மா. நேத்துகூட உங்க அண்ணி போன்ல ஒரே அழுகை. பிள்ளை 'அப்பா எப்ப வருவாங்க'ன்னு கேட்டுக் கேட்டு ஏங்கிப் போயிருக்காம்." சில்லிட்டுப்போன சங்கரியின் கையை ஜாய்சி ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள். "உன் வீட்டுக்காரரு துபாய்லருந்து வாரது வரைக்கும் நீ பைய சமாளிச்சுக்கோ. அண்ணனைப் பொண்டாட்டி பிள்ளைகிட்ட அனுப்பி வைம்மா. கூடப் பொறந்த தங்கச்சி நீ சொன்னாத்தான் அவரு கேப்பாரு."